‘கேட் 6’ என்று அச்சடித்த அலுமினியக் கேபிள்: சுவருக்குள் போகும் முன் சோதியுங்கள்

ஒரு டியூஷன் சென்டருக்கு இரண்டு மாடிகளிலும் நெட்வொர்க் இழுத்துக் கொடுத்த ஒப்பந்ததாரர், கொட்டேஷனில் ‘கேட் 6 கேபிள், 305 மீட்டர் பெட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தார். கேட் 6 என்பது நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம். சுவரைக் கொத்திப் பைப் பதித்து, பூசி, பெயின்ட்டும் அடித்தாயிற்று. எட்டு விளக்கு டெஸ்டரில் 1 முதல் 8 வரை ஒழுங்காக எரிந்ததைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். சில மாதங்களில் பல கணினிகளில் லிங்க் வேகம் 1000 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 100க்கு இறங்கியது. நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் பிஓஇ கேமராக்கள் இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கியதும் அணைந்து அணைந்து வந்தன. நெட்வொர்க் சுவிட்ச் சரியில்லை என்றார்; புது சுவிட்ச் போட்டும் அதேதான். கடைசியில் சுவரிலுள்ள நெட்வொர்க் சாக்கெட்டான ஐஓ பாக்ஸ் ஒன்றைக் கழற்றிக் கம்பியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. முழுக்க சிசிஏ, அதாவது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். கேட்டதற்கு, “இதுவும் காப்பர்தான் சார், எல்லாரும் இதைத்தான் போடுறாங்க” என்று பதில்.

இது காப்பர் அல்ல. நெட்வொர்க் கேபிள்களுக்கான டிஐஏ-568 தரவிதி, சுவருக்குள் நிலையாகப் பதிக்கும் கேட் 5இ, கேட் 6 கேபிளுக்குத் திடமான செம்பையே கேட்கிறது. சிசிஏ கம்பியின் மீது ‘கேட் 6’ என்று அச்சடிப்பதே பொய். பொதுவாக அதில் கன அளவில் 10 முதல் 15 சதவீதம்தான் செம்பு. அதே தடிமனில் மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பிஓஇ மின்சாரம் போகும்போது வழியிலேயே வோல்ட் இறங்கும், கேபிள் கட்டு சூடாகும். கேமரா பகலில் தாக்குப்பிடித்து, இரவில் மின்தேவை கூடியதும் விழுவது இதனால்தான்.

வேகம் இறங்குவதற்குக் காரணம் வேறு. பஞ்ச் டவுன் செய்யும்போது, அதாவது கம்பியை ஜாக்கில் அழுத்திப் பொருத்தும்போது, ஜாக்கின் கத்தி செம்புப் பூச்சைக் கீறிவிடும். வெளியே தெரியும் அலுமினியத்தில் ஆக்சைடு படிந்து இணைப்பு மெல்ல மெல்லக் கெடும். வளைக்கும் இடத்தில் கம்பி முறியவும் செய்யும். 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு கேபிளின் எட்டுக் கம்பியும், அதாவது நான்கு ஜோடியும் வேண்டும். 100க்கு, டி568பி என்ற வண்ண வரிசை முறையில், ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி போனால் நெட் நிற்காது, வேகம் மட்டும் குறையும். அதனால்தான் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. எட்டு விளக்கு டெஸ்டர் வரிசையை மட்டுமே பார்க்கும். உலோகத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. முதலில் எடை. 23 ஏடபிள்யூஜி, அதாவது 0.57 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பி எட்டு, 305 மீட்டர் நீளத்துக்குச் செம்பு மட்டுமே சுமார் 5.5 கிலோ இருக்கும். சிசிஏ என்றால் அது 2 கிலோ சொச்சம். பெட்டியைத் தராசில் வைத்து, தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டில் உள்ள எடையோடு ஒப்பிடுங்கள்; 3 கிலோ குறைந்தால் வாங்காதீர்கள். உறையைத் தடிப்பாக்கி எடையை ஓரளவு ஏற்றிவிட முடியும் என்பதால் இதோடு நிறுத்தக் கூடாது.

மல்டிமீட்டர் இன்னும் உறுதி. சுருளின் இரு முனையையும் வெளியே எடுங்கள். ஒரு முனையில் நீல ஜோடியின் இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்குங்கள். மறுமுனையில் ஓம் அளவெடுங்கள். மீட்டர் ஒயரின் சொந்தத் தடையைக் கழித்துவிடுங்கள். 305 மீட்டருக்கு நல்ல 23 ஏடபிள்யூஜி செம்பு 41 ஓம் அளவில் காட்டும், அதைவிட மெல்லிய 24 ஏடபிள்யூஜி 51 அளவில். நம்மூர் வெயிலில் இரண்டு மூன்று ஓம் கூடலாம். 23 என்று அச்சிட்ட கேபிள் 60ஐத் தாண்டினால் அது செம்பு அல்ல, அல்லது சொன்ன தடிமன் இல்லை. முழு நீளமும் இருக்கிறதா என்று உறையிலுள்ள மீட்டர் எண்களையும் இரு முனையிலும் பாருங்கள். நீளம் குறைவாக இருந்தால் ஓம் கணக்கும் ஏமாற்றும்.

கம்பியைச் சுரண்டினாலோ வெட்டினாலோ உள்வரை சிவப்பாக இருக்க வேண்டும். லைட்டர் தீயில் செம்பு பழுக்கும். சிசிஏ துவண்டு தொங்கும் அல்லது அறுந்துவிழும். காந்தம் வைத்துக் காட்டி “ஒட்டலை பாருங்க, சுத்த காப்பர்” என்பார்கள். நம்ப வேண்டாம்: அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது. அந்தச் சோதனை இரும்புக் கம்பியை மட்டுமே பிடிக்கும்.

ஏற்கெனவே சுவருக்குள் போய்விட்டதா? எல்லாவற்றையும் ஒரே நாளில் உருவ வேண்டியதில்லை. பிஓஇ போகும் லைன்களை முதலில் மாற்றுங்கள். சூடும் வோல்ட் இழப்பும் அங்கேதான். பைப்பில் இருந்தால் பழைய கேபிளின் நுனியில் புதியதைக் கட்டி இழுத்துவிடலாம். மற்ற லைன்களில் வேகம் இறங்கியவற்றை அடுத்து கவனியுங்கள்.

கொட்டேஷனிலும் பில்லிலும் ‘திட வெறும் செம்பு, 23 ஏடபிள்யூஜி, சிசிஏ அல்ல’ என்று எழுதி வாங்குங்கள். அச்சு தெரியும்படி ஒரு மீட்டர் துண்டை வெட்டிப் பில்லோடு வையுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். ஏமாற்றப்பட்டிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர்களைச் சட்டம் நுகர்வோராகக் கருதாது, சொந்தப் பிழைப்புக்கான சுயதொழிலுக்கு மட்டும் விலக்கு. ஆகவே அலுவலகங்களுக்கு அந்த பில் வாசகம்தான் முக்கியமான பிடி.