90 நாள் நன்றி டைரி வாங்கி எழுதிப் பாத்தாச்சு, 349 ரூபாய்க்கு ஒர்த்தா?

ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராம போனை நோண்டிட்டு இருந்தப்ப விளம்பரம் வந்துச்சு, தினமும் மூணு விஷயத்துக்கு நன்றி எழுதுங்க, 90 நாள்ல வாழ்க்கையே மாறிடும்னு. 349 ரூபா. எங்க சேலம் செவ்வாய்பேட்டைல நோட்டுக் கடைக்குப் போனா இந்தக் காசுக்கு பையன் ஒரு வருஷம் எழுதற நோட்டு வாங்கலாம்னு தெரியும், தெரிஞ்சும் ஆர்டர் போட்டுட்டேன், அந்த நேரத்துல மனசு அப்படி இருந்துச்சு. கம்பெனி பேரு எதுக்கு, இதே மாதிரி ஏகப்பட்டது விக்குது, உள்ள எல்லாம் ஒரே சமாச்சாரம்தான்.

மொதல்ல பொருளைப் பத்தி சொல்லிடறேன். அட்டை சூப்பர், சிவப்பு ரிப்பன் எல்லாம் வச்சு கல்யாண ஆல்பம் கணக்கா இருக்கு. பேப்பர்தான் மோசம், ஜெல் பேனால எழுதினா பின்பக்கம் அப்படியே தெரியுது. நாப்பதாவது நாளு நடுப்பக்கம் கையோட வந்துருச்சு, பையனோட ஃபெவிகால்ல ஒட்டினேன், அதுல இன்னும் ரெண்டு பக்கம் சேந்து ஒட்டிக்கிச்சு. ஒவ்வொரு பக்கத்துலயும் மேல ஒரு சூரியகாந்தி, கீழ ஒரு பொன்மொழி, மெஷின்ல போட்டு மொழிபெயர்த்த தமிழ். படிச்சா நன்றி வரல, சிரிப்புதான் வந்துச்சு.

சரி எழுதறதுக்கு வருவோம். மொத நாளு ஆரோக்கியம், குடும்பம், வேலைன்னு எழுதினேன். ரெண்டாவது நாளு குடும்பம், வேலை, ஆரோக்கியம். பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சுத் திருப்பிப் பாத்தா ஸ்கூல்ல வாத்தியார் குடுத்த இம்போசிஷன் மாதிரி இருக்கு. அதுவும் நான் சேகோ (ஜவ்வரிசி) ஆலைல கணக்கு எழுதறவ, சீசன் டைம்ல குச்சிக்கிழங்கு லோடு லோடா வரும், பில்லு முடிச்சு அம்மாபேட்டை வந்து சேரவே எட்டரை ஆயிடும், அதுக்கப்புறம் உக்காந்து நன்றி வேற எழுதணும்னா யாருக்கு முடியும். மூடி வச்சுட்டேன்.

காசு போச்சேன்னு ஒரு ஆத்தாமைல, இதெல்லாம் எங்க இருந்துதான் கிளம்புச்சுன்னு தேடிப் படிச்சேன். 2003-ல ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லஃப்னு ரெண்டு அமெரிக்க சைக்காலஜி ஆளுங்க காலேஜ் பசங்கள மூணு குரூப்பா பிரிச்சு எழுத வச்சிருக்காங்க, ஒரு குரூப்பு நன்றியா நினைக்கிறத, இன்னொண்ணு எரிச்சலானத, மூணாவது சும்மா நடந்தத. வாரத்துக்கு ஒரு தடவை, பத்து வாரம். நன்றி எழுதினவங்க வாழ்க்கை பரவால்லன்னு சொன்னாங்க, உடம்பு வலி கம்ப்ளைண்ட் கம்மி, எக்சர்சைஸ் கூட அதிகமா பண்ணிருக்காங்க. கவனிச்சீங்களா, வாரத்துக்கு ஒரு தடவை! சோன்யா லுபோமிர்ஸ்கின்னு ஒரு அம்மா டெஸ்ட் பண்ணப்பவும் வாரம் ஒரு தடவை எழுதினவங்களுக்குத்தான் பலன் தெரிஞ்சுது, வாரம் மூணு தடவை எழுதினவங்களுக்கு இல்ல. தினமும் எழுதி நல்லா வந்த ஆய்வும் இருக்கு, 2005-ல மார்ட்டின் செலிக்மேன்னு இன்னொரு அமெரிக்க சைக்காலஜி ஆளோட டீம் பண்ணது, ஆனா அதுல ஒரு வாரம்தான் எழுதச் சொன்னாங்க, மூணு நல்ல விஷயம், கூடவே அது ஏன் நடந்துச்சுன்னும் எழுதணும். என் டைரில இந்த "ஏன்"க்கு இடமே இல்ல, சூரியகாந்திக்கு இருக்கு. அப்புறம் இந்த மாதிரி ஆய்வு நிறைய சேத்துப் பாத்தவங்க பலன் சின்னதுதான்னு சொல்லிருக்காங்க, வாழ்க்கையே மாறிடும்னு யாரும் சொல்லல.

அதனால நான் ரூல்ஸ மாத்திட்டேன். ஞாயித்துக்கிழமை மட்டும், ஒண்ணே ஒண்ணு, யாரு பண்ணாங்க, அதுல அவங்களுக்கு என்ன கஷ்டம்னு எழுதணும். பூவு மேலயே எழுதினேன், மூணு வரி பத்தல.

மொத ஞாயிறு எழுதினது எதிர்வீட்டு ஆயா. எங்க தெருவுல மேட்டூர் தண்ணி எந்த நாள் எந்த நேரம்னு சொல்ல முடியாது, சில நாள் நடுராத்திரி வரும். அந்த ஆயா வந்து கதவைத் தட்டுவாங்க, நாங்க எந்திரிச்சு குடம் வைப்போம், நாலு வருஷமா இப்படித்தான். எழுதும்போதுதான் உறைக்குது, அவங்களுக்கு முட்டி வலி, வாசல்ல மூணு படி இறங்கணும், சாக்கடைப் பலகையத் தாண்டணும், எங்க வீட்டு ரெண்டு படி ஏறணும், அப்புறம் இதையே திரும்பிப் போகணும். எழுதிட்டு சும்மா இருக்க முடியல, காலைல போய் சொன்னேன். நன்றின்னு சொல்லல, அது நமக்கு மேடைல பேசற வார்த்தை, வீட்டுல யாரு சொல்றா, "ஆயா, நீங்க இல்லன்னா எங்களுக்குத் தண்ணியே இல்ல"ன்னேன். "எனக்கு எப்படியும் தூக்கம் வராது கண்ணு, நீ கதவ சீக்கிரம் தொற, கொசு புடுங்குது"ன்னாங்க. இப்ப நான் ஹால்லதான் படுக்கறேன்.

இன்னொண்ணு ஏற்காடு பஸ்ல நடந்தது. இருவது கொண்டை ஊசி வளைவு, பன்னெண்டு தாண்டுறதுக்குள்ள பையன் வாந்தி, கவர் எடுத்துட்டுப் போகல, பக்கத்து சீட்டு காலேஜ் பொண்ணு தன் டிபன் பாக்ஸ் இருந்த கவரை உதறி நீட்டுச்சு, வாந்தி அந்தப் பொண்ணோட புது துப்பட்டாலயும் பட்டுருச்சு, முகம் சுளிக்கல. ஏரி, படகு, பகோடா பாயிண்ட் எல்லாம் பாத்தோம், நோட்டுல ஏறினது அந்தக் கவர்தான்.

தட்டுவடை செட்டு கடை அக்கா பையனுக்குன்னு கார சட்னி தொடாம பீட்ரூட்டு மட்டும் அள்ளி வச்சுக் குடுத்தது, கண்டக்டர் சில்லறைய ஞாபகம் வச்சு இறங்கறப்ப குடுத்ததுன்னு சின்னச் சின்னது நிறைய இருக்கு.

ஒரு எச்சரிக்கை. சம்பளம் ஏத்திக் கேட்டப்ப ஆலைல "வேலை இருக்கறதுக்கே நன்றியா இருங்கம்மா"ன்னு பதில் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி டைரியத் தொறந்து வேலைக்கு நன்றின்னு எழுதப் போனேன், கை வரல, நல்லவேளை. வாயை மூடிக்கிறதுக்கு இந்தப் பழக்கத்த யூஸ் பண்ணாதீங்க. மனசு ரொம்ப இருட்டா இருக்கறவங்க டாக்டரப் பாருங்க, டைரி அதுக்கில்ல. நான் அடுத்த மாசம் திரும்பவும் போய்க் கேட்டேன், ஆயிரம் ஏத்தினாங்க, கேட்டது ரெண்டாயிரம்.

டைரிக்கு அஞ்சுக்கு ஒண்ணரை ஸ்டார், அந்த அரையும் ரிப்பனுக்கு. பழக்கத்துக்கு நாலு. வாங்காதீங்க, பையனோட போன வருஷ நோட்டுல கடைசி பத்துப் பக்கம் எப்படியும் காலியாத்தான் கிடக்கும், இப்ப நான் எழுதறது அவனோட மூணாம் கிளாஸ் கணக்கு நோட்டுல, கட்டம் போட்டது, எழுத்து கொஞ்சம் நேரா வருது.