அம்பை பக்கம் தங்கும் வீடு நடத்துகிறவர்கள் கவனத்துக்கு: ‘பயோ டேங்க்’ விற்பனை

அம்பை (அம்பாசமுத்திரம்), கல்லிடைக்குறிச்சி, பாபநாசம் பக்கம் மலையையும் ஆற்றையும் நம்பி விருந்தினருக்கு வீடு விடுகிறவர்களைத் தேடிப் பிடித்து, கழிப்பறைக் கழிவுக்கான தொட்டியை ‘பயோ டேங்க்’ என்று விற்கிறார்கள். ஆற்றுக்கால் (ஆற்று வாய்க்கால்) ஓரத்து வீடு ஒன்றில் நடந்தது இது. ஆள் பெயர் வேண்டாம்.

நாலு அறை, பத்து பேர் தங்கலாம். சித்திரையில் 1,000 லிட்டர் தொட்டி ஒன்றைப் புதைத்து 85,000 ரூபாய் வாங்கினார்கள். கூடவே கண்ணாடிச் சட்டம் போட்ட ‘சூழல் சுற்றுலாச் சான்றிதழ்’. அதை வழங்கியது எந்தத் துறை என்று அதிலேயே இல்லை! வெளியே வந்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, “பாருங்க அண்ணாச்சி, தெளிஞ்சு வருது, கால்லயே விட்டுரலாம்” என்றார்கள். விட்டாயிற்று. கீழே அதே காலில்தான் ஊர் குளிக்கிறது.

ஐப்பசி மழையில் கக்கூஸில் தண்ணீர் எதிர்த்து ஏறியது. திறந்து பார்த்தால் உள்ளே தடுப்பும் இல்லை, டி குழாயும் (T வடிவக் குழாய்) இல்லை. மொட்டைமாடியில் வைக்கிற தண்ணீர்த் தொட்டி, அதில் இரண்டு ஓட்டை. அவ்வளவுதான்.

கணக்கும் தப்பு. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் பத்து பேருக்கு 1,350 லிட்டர். குளியல், சமையல் தண்ணீரையும் அதிலேயே விட்டதால் கழிவு ஒரு நாள்கூட உள்ளே நிற்காது. படியவேண்டியது படியாமல் வெளியேறும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயில் கூட்டம் வந்து அறைக்கு ஆறு பேர் படுத்தால் கேட்கவே வேண்டாம்.

கழிப்பறைத் தண்ணீரை மட்டும் தொட்டிக்கு விடுங்கள். குளியல் தண்ணீர் ஜல்லி வழியாக வாழைப் பாத்திக்குப் போகட்டும். சமையலறைக்கு எண்ணெய் தடுக்கும் சிறு தொட்டி தனியே வேண்டும். பெரிய தொட்டியில் இரண்டு அறை, முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு. இரு முனையிலும் டி குழாய். வெளிக்குழாய் உள்குழாயைவிட 5 செ.மீ. தாழ இருக்கவேண்டும். தண்ணீர் நிரப்பி 24 மணி நேரம் விட்டு மட்டம் இறங்கவில்லை என்று பார்த்தபிறகே மீதிப் பணம். மூடியைத் திறக்கவிடாத ஆளுக்கு அதுவும் கிடையாது.

தெளிவாக இருந்தாலும் செப்டிக் தண்ணீரில் மலக்கிருமி இருக்கும். அது மண்ணில்தான் இறங்கவேண்டும், காலில் அல்ல. தொட்டித் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு மீட்டர் மண் வேண்டும். கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். இங்கேதான் சித்திரையில் நீர்மட்டம் பார்த்துப் போடும் கணக்கு ஏமாற்றும். பிசான நெல் பருவத்தில் வயலில் தண்ணீர் நிற்கும்போது ஓரத்து நிலத்தில் ஊற்று மேலே வந்துவிடும், குழி குடிக்காது. பக்கத்துக் கிணற்றில் கார்த்திகையில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கும் என்று வயல்காரரிடம் கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். மேலே நின்றால் குழியை விட்டுவிட்டு, மண்ணடித்து மேடாக்கி அதில் தொட்டித் தண்ணீரைப் பரப்பி விடவேண்டும்.

மாதம் 1,200 ரூபாய்க்கு ‘பாக்டீரியா பவுடர்’ தருவார்கள். வாங்காதீர்கள், வேண்டிய கிருமி கழிவிலேயே உண்டு. தினமும் ஊற்றும் பினாயிலும் ஆசிடும்தான் அதைக் கொல்கின்றன.

ஏற்கெனவே புதைத்துவிட்டவர்கள் முதலில் காலுக்குப் போகும் குழாயை அடைத்துவிடுங்கள். கழிவு உறிஞ்ச உரிமம் உள்ள வண்டியை மட்டும் கூப்பிட்டு, எங்கே கொண்டுபோய் இறக்குகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டியபிறகு வருகிறேன் என்கிற வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.