ஒரு ஏக்கர் புல்லு, உக்காந்து ஓட்டுற மோவர் - சில வருஷ அனுபவம்

நம்மாளுங்க அமெரிக்காவுல நார்த் கரோலினா ராலி பக்கம் கேரி, மாரிஸ்வில்னு டவுன்ஹோம்ல இருக்குற வரைக்கும் புல்லு பத்தின கவலையே கிடையாது, ஹெச்ஓஏ (குடியிருப்போர் சங்கம்) ஆளு வந்து வெட்டிட்டுப் போயிடுவான். கொஞ்சம் தள்ளி சாத்தம் கவுண்டி பக்கம் ஒரு ஏக்கர் வீடுன்னு ஆசைப்பட்டு வந்ததும்தான் தெரியுது, மார்ச்சுல ஆரம்பிச்சா நவம்பர் வரைக்கும் இந்த ஃபெஸ்க்யூ புல்லு நம்மள சும்மா விடாது. தள்ளுற மோவர (புல்லு வெட்டுற மெஷின்) வெச்சு ஒரு ஏக்கர்லாம் ஆகற கதை இல்ல. அதனால 42 இன்ச் டெக் (பிளேடு சுத்தற அடிக்கூடு) வெச்ச சாதாரண லான் டிராக்டர் ஒண்ணு, ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன், கியர் மாத்துற வேலை இல்லாதது, வாங்கி சில சீசனா ஓட்டிட்டு இருக்கேன். புதுசா வீடு வாங்குறவங்க அடிக்கடி கேக்கறாங்க, எது நல்லது எவ்ளோ ஹார்ஸ்பவர்னு. பிராண்டு பேரு நான் போடல, இந்த விலைல எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கு.

நான் திருப்பிக் கேக்கற ஒரே கேள்வி, உங்க நிலம் எவ்ளோ சரிவு? அதுக்கு மட்டும் யார்கிட்டயும் பதில் இருக்காது. கடைக்காரனும் கேக்க மாட்டான். கப் ஹோல்டர் இருக்கு, சீட்டு உயரமா இருக்கு, எல்இடி லைட்டு இருக்குன்னு காட்டுவான்.

பெரும்பாலான மேனுவல்ல 15 டிகிரிக்கு மேல சரிவுல ஓட்டாதேன்னு இருக்கும், சிலதுல 10 டிகிரியே போட்டிருப்பான். 15 டிகிரின்னா 10 அடி நீளத்துக்கு சுமாரா ரெண்டரை அடி ஏறுற மேடு, கண்ணுக்கு பெரிய மேடாவே தெரியாது, அதான் பிரச்சன. நீளமான பலகை ஒண்ண புல்லு மேல படுக்க வெச்சு அது மேல போன வெச்சு லெவல் ஆப்ப திறந்தா டிகிரி காட்டிடும், அஞ்சு நிமிஷ வேலை. என் வீட்ல ரோட்டோரமா தண்ணி ஓடுற பள்ளத்துக்கு இறங்குற இடம் 20ஐ தாண்டுது. அங்க இன்னிக்கு வரைக்கும் டிராக்டர் இறங்கினதில்ல, நைலான் நூல் சுத்தி வெட்டற ஸ்ட்ரிங் டிரிம்மர தோள்ல மாட்டிட்டு நடந்துதான் வெட்டறேன், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து சிரிக்கறாரு, சிரிக்கட்டும்.

மிச்ச சரிவுல டிராக்டர மேல கீழ நேராத்தான் ஓட்டணும், குறுக்க ஓட்டினா பக்கவாட்டுல உருண்டுடும். (தள்ளுற மோவருக்கு இது அப்படியே தலைகீழ், அத குறுக்கத்தான் ஓட்டணும், இல்லன்னா கால் வழுக்கி பிளேடுக்கு அடியில போயிடும்.) சந்தேகமா இருக்குற இடத்துக்கு மேனுவல்லயே ஒரு நல்ல சோதனை இருக்கு, அந்த மேட்டுல ரிவர்ஸ்ல ஏற முடியுதான்னு பாருங்க, முடியலன்னா அங்க வண்டி வேணாம். மேட்டு நடுவுல திரும்பறது, சட்டுனு நிறுத்தறது, சட்டுனு கிளப்பறது எதுவும் கூடாது. பின்னாடி புல்லு சேர்ற பேகர் மாட்டியிருந்தா இன்னும் கவனம், அது நிறைஞ்சதும் பின்பக்கம் கனம் ஏறி ஏத்தத்துல முன் சக்கரம் லேசாயிடும், ஸ்டியரிங் பேருக்குத்தான் இருக்கும். பள்ளம், குளத்துக் கரை, மண்ணு சரியாம தாங்கற ரீடெய்னிங் வால் ஓரமெல்லாம் குறைஞ்சது ரெண்டு வண்டி அகலம் தள்ளியே நிறுத்திக்கோங்க.

ஜீரோ டர்ன், அதாவது நின்ன இடத்துலயே திரும்பற மோவர், வாங்கலாமான்னு கேட்டா, தரை சமமா இருந்து மரம் நிறைய இருந்தா தாராளமா வாங்குங்க, பாதி நேரத்துல வேலை முடியும். ஆனா அதுல முன் சக்கரம் ரெண்டும் ஷாப்பிங் கார்ட் சக்கரம் மாதிரி சும்மா சுத்தறதுதான், திருப்பறதும் நிறுத்தறதும் எல்லாமே பின் சக்கரம்தான். ஈரப் புல்லுல இறக்கத்துல பின் சக்கரம் பிடிமானம் விட்டுச்சுன்னா ஸ்டியரிங்கும் போச்சு பிரேக்கும் போச்சு, வண்டி போற எடத்துக்கு நாமளும் போவோம். என் நிலத்துக்கு அது ஒத்து வராது. வாங்கறதா இருந்தா உருண்டா ஆள காப்பாத்தற ரோல் பார் இருக்குற மாடலா பாருங்க, பார் நிமிர்ந்து இருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம் போடணும், பார மடக்கி வெச்சிருந்தா பெல்ட் போடக்கூடாது. ரெண்டாவது விஷயம் பல பேருக்கு தெரியறதில்ல.

வண்டி வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் பண்றது பெட்ரோல ஊத்தி சாவியத் திருப்பறது. அதுக்கு முன்னாடி டயர் காத்து பாருங்க. ஃபேக்டரில இருந்து அனுப்பும்போது பல வண்டில காத்த அதிகமா அடிச்சுதான் அனுப்பறாங்க, அத இறக்கணும். என் வண்டிக்கு முன்னாடி 14 பிஎஸ்ஐ, பின்னாடி 10, உங்களுது மேனுவல்ல இருக்கும். கார் டயர் பழக்கத்துல 30 அடிச்சுடாதீங்க. காத்து சரியா இல்லாம டெக்க லெவல் பண்றது வீண், எவ்ளோ அளந்தாலும் புல்லு ஒரு பக்கம் மொட்டையாத்தான் வரும்.

டெக் லெவல் பண்றதுக்கு சமமான கான்கிரீட் தரை வேணும். சாவிய எடுத்துட்டு, ஸ்பார்க் பிளக் வயர கழட்டி தள்ளி வெச்சுட்டு, கைல தடிமன் கிளவுஸ் போட்டுக்கிட்டு பிளேட பக்கவாட்டுல திருப்பி நுனியில இருந்து தரைக்கு எவ்ளோன்னு ரெண்டு பக்கமும் அளக்கணும், வித்தியாசம் அரைக்கால் இன்ச்சுக்கு மேல இருக்கக்கூடாது. அப்புறம் பிளேட முன்ன பின்ன திருப்பி அளந்தா முன்பக்கம் அரைக்கால்ல இருந்து கால் இன்ச் தாழ்வா இருக்கணும், அப்பதான் பிளேடோட முன் நுனி ஒரு தடவ வெட்டினதோட சரி, பின்பக்கம் மறுபடி புல்லோட மல்லுக்கட்டாது, எஞ்சினும் திணறாது. எனக்கு வண்டிய டெலிவரி பண்ண கடை இதெல்லாம் செட் பண்ணித்தான் தர்றோம்னு பில்லுல தனியா காசு வேற வாங்கினாங்க, அளந்து பார்த்தா இடது பக்கம் முக்கால் இன்ச் தொங்கிட்டு இருந்துச்சு. நீங்களே அளந்துக்கோங்க.

பெட்ரோல் விஷயத்துல இப்ப ஒரு புது வம்பு. பம்புல அன்லெடட் 88னு ஒண்ணு சாதா பெட்ரோல விட விலை கம்மியா வருது, அது 15 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்தது, புதுக் காருக்கு ஓகே, மோவருக்கு கூடவே கூடாது, 10 சதவீதம்தான் எல்லை. எத்தனால் ஈரத்த இழுக்கும், ரப்பர் பாகத்த அரிக்கும், கார்புரேட்டர்ல கசடு கட்டும். கேன்ல பிடிக்கும்போது கேன காருக்குள்ளயோ பிளாஸ்டிக் லைனர் போட்ட பிக்கப் டிரக் பின்னாடியோ வெச்சு பிடிக்காதீங்க, ஸ்டாட்டிக் கரண்டுல தீப்பிடிக்கும், கீழ தரைல இறக்கி வெச்சுத்தான் பிடிக்கணும். வீட்ல ஊத்தறதும் எஞ்சின் ஆறினப்புறம், கராஜுக்கு வெளிய. முக்கியமா கராஜுக்குள்ள கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்குற வீடுங்க, அதுல பைலட் ஃபிளேம் எரிஞ்சுட்டே இருந்தா பெட்ரோல் ஆவி போதும். ஓட்டி முடிச்ச சூட்டோட வண்டியையும் உள்ள தள்ளாதீங்க, மஃப்ளர (சைலன்சர்) சுத்தி காஞ்ச புல்லு சேர்ந்திருக்கும், நான் லீஃப் ப்ளோவர்ல ஊதிட்டு அரை மணி நேரம் வெளிய விட்டுட்டுத்தான் உள்ள ஏத்தறேன்.

ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு சுத்து நடந்து வாங்க. மரக்கிளை, பசங்க பொம்மை, தண்ணிக் குழாய், ஸ்பிரிங்ளர் தலை. எங்க பக்கம் சிட்டி சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான், அதோட மூடியும் அடைப்பு எடுக்கற வெள்ளை பிவிசி கிளீனவுட் பைப்பும் புல்லு கொஞ்சம் வளர்ந்தா உள்ள மறைஞ்சுடும், நான் சின்ன ஆரஞ்சு கொடி நட்டு வெச்சிருக்கேன். பிளேடு நுனியோட வேகத்துக்கு அமெரிக்க ஸ்டாண்டர்டுல நிமிஷத்துக்கு 19,000 அடின்னு உச்சவரம்பு இருக்கு, அதாவது மணிக்கு கிட்டத்தட்ட 347 கிலோமீட்டர். அந்த வேகத்துல ஒரு கூழாங்கல்லு மாட்டினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. புல்லு வெளிய தள்ளற வாய்ல ஒரு பிளாஸ்டிக் மூடி தொங்கும், புல்லு நல்லா பறக்கட்டும்னு அத கயிறு போட்டு தூக்கிக் கட்டறவங்கள பார்த்திருக்கேன், கல்ல தரைப்பக்கம் தள்ளறதே அந்த மூடிதான்.

அந்த வாய் வலது பக்கம் இருக்குறதால வீட்ட சுத்தி வெட்டும்போது வீடு எப்பவும் இடது கைப்பக்கம் இருக்கணும், கார் நிறுத்தியிருக்கற இடமும் ரோடும் அப்படித்தான். இது பழகிடுச்சுன்னா ஜன்னல் கண்ணாடி, பூச்செடில புல்லு விழறது ரெண்டு கவலையும் போச்சு. எஞ்சின ஃபுல் த்ராட்டில்ல வெச்சுட்டு வேகத்த கால் பெடல்ல குறைங்க. புல்லு ஈரமா இருந்தா விட்டுடுங்க, எங்க செம்மண்ணுல மழை பெஞ்ச மறுநாள் ஏறினா டயர் தடம் மாசக் கணக்குல நிக்கும், வாயும் அடைச்சுக்கும். அடைச்சுக்கிட்டா பிளேட ஆஃப் பண்ணி, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவிய கைல எடுத்து, பிளேடு நின்னுடுச்சுன்னு பார்த்துட்டு, குச்சியாலத்தான் குத்தி விடணும். காதுக்கு மஃப் போடுங்க, ஓட்டறவன் காதுல சத்தம் 90 டெசிபெல் பக்கம் வரும், ஒரு ஏக்கருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காரணும்.

ஆகஸ்ட் செப்டம்பர்ல இன்னொரு ஆபத்து, யெல்லோ ஜாக்கெட்னு ஒரு குளவி, தரைக்குள்ள பொந்துல கூடு கட்டும். மோவர் அதிர்வு பட்டாலே கும்பலா கிளம்பி வரும். அந்த நேரத்துல வண்டில இருந்து குதிக்கத்தான் தோணும், வண்டிய ஓட்டிட்டே தள்ளிப் போறதுதான் புத்திசாலித்தனம்.

பசங்க விஷயம் தனியா சொல்லணும். போன வருஷம் மாமனார் தஞ்சாவூர் பக்கத்துல இருந்து வந்திருந்தாரு, ஆயுசு பூரா டிராக்டர் ஓட்டினவரு, பார்த்ததும் கை அரிக்க ஆரம்பிச்சுடுச்சு. ஓட்டட்டும்னு சாவி குடுத்தேன், அருமையா ஓட்டினாரு, என்ன விட நேர் கோடு. ரெண்டாவது நாள் பேரன கூப்பிட்டு மடில ஏத்தப் பார்த்தாரு. வேணாம் மாமான்னேன். "ஏன் மாப்ளே, நம்ம ஊர்ல டிராக்டர் மட்கார்டுல உக்காராத புள்ள உண்டா?" "அந்த டிராக்டருக்கு வயித்துக்கு அடியில பிளேடு சுத்தாது மாமா." அவருக்கு முகம் கொஞ்சம் சுண்டிப் போச்சு, அப்புறம் குனிஞ்சு டெக்குக்கு அடியில ஒரு தடவ பார்த்தாரு, பையன வீட்டுக்குள்ள போகச் சொல்லிட்டாரு. ஊர்லயே மட்கார்டு சவாரில விழுந்த கதை ஊருக்கு ஒண்ணு இருக்கு, நாமதான் பேசறதில்ல. ஒரு தடவ சவாரி குடுத்துட்டா அடுத்த தடவ எஞ்சின் சத்தம் கேட்டதும் குழந்தை ஆசையா பின்னாடி ஓடி வரும், நாம ரிவர்ஸ் எடுத்துட்டு இருப்போம், பெரிய விபத்து பலதும் இப்படித்தான் நடக்குது. ரிவர்ஸ்ல பிளேடு சுத்தினா எஞ்சின் நின்னுடற மாதிரி பல வண்டில வெச்சிருக்கறது இதுக்குத்தான், தனியா ஒரு பட்டன அமுக்கியோ சாவிய வேற இடத்துக்கு திருப்பியோதான் அத தாண்ட முடியும், நான் பெரும்பாலும் தாண்டறதில்ல, முன்னாடி போய் வளைச்சுக்கறேன். இங்க குழந்தை மருத்துவர் சங்கம் சொல்ற வயசு, தள்ளுற மோவருக்கு 12, உக்காந்து ஓட்டறதுக்கு 16.

பராமரிப்புன்னு பார்த்தா பெருசா செலவு வெக்கல. வருஷத்துக்கு ஒரு தடவ ஆயில், ஃபில்டர். பிளேட சீசன்ல ரெண்டு மூணு தடவ கழட்டி சாணை பிடிக்கறேன், பிடிச்சு முடிச்சு சுவத்துல அடிச்ச ஆணில நடு ஓட்டைய மாட்டிப் பார்த்தா எந்தப் பக்கம் கனம்னு தெரிஞ்சுடும், கனமான பக்கத்த இன்னும் கொஞ்சம் அரத்தால ராவிடுங்க, இல்லன்னா அந்த அதிர்வே பேரிங்க தின்னுடும். டெக்க தூக்க வெறும் ஜாக்க நம்பி அடியில தலைய விடாதீங்க. டெக்ல ஹோஸ் மாட்டி கழுவற வாஷ் போர்ட் குடுத்திருக்கான், எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, தண்ணி பேரிங் பக்கம் போய் துருதான் பிடிக்கும், காஞ்சப்புறம் சுரண்டி எடுக்கறதே மேல். பெல்ட் ஒரு தடவ மாத்தினேன், பேட்டரி ஒரு தடவ. குளிர்காலத்துக்கு பெட்ரோல் கெடாம இருக்க ஸ்டெபிலைசர் ஊத்தி அஞ்சு நிமிஷம் ஓட விட்டு நிறுத்திட்டா மார்ச்சுல மக்கர் பண்றதில்ல.

சீட்டுக்கு அடியில ஒரு ஸ்விட்ச் இருக்கு, பிளேடு சுத்தும்போது எந்திரிச்சா எஞ்சின் நிக்கும். வருஷங்கள் போனா அந்த கனெக்டர்ல துரு ஏறி மேடு பள்ளத்துல வண்டி சும்மா சும்மா நின்னு எரிச்சல் குடுக்கும், என்னுதும் குடுத்துச்சு, யூடியூப்ல ஒரு துண்டு வயர சொருகி பைபாஸ் பண்ணுன்னு நூறு பேரு சொல்லிக் குடுப்பான். புது ஸ்விட்ச் அப்படி ஒண்ணும் விலை இல்ல, மாத்திடுங்க. பழைய வண்டி வாங்கப் போறவங்க இத முதல்லயே பார்த்துடுங்க, வண்டிய நிறுத்தி வெச்சு பிரேக் போட்டு, பிளேட போட்டுட்டு, கால கீழ வெக்காம சீட்ல இருந்து லேசா எழும்புங்க. எஞ்சின் நிக்கலன்னா ஓனர் எவ்ளோ விலை குறைச்சாலும் கிளம்பிடுங்க, அத பைபாஸ் பண்ணவன் வேற எதையெல்லாம் பண்ணி வெச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்.