‘விஷமி’யைத் தேட எந்த அகராதி?

அகராதியை எடைபோட ‘விஷமி’ நல்ல படிக்கல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936, பிறகு ஓர் அனுபந்தம்) சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகவே கிடைக்கிறது.

செய்தியில் கண்டபடி ‘விஷமிகள்’ என்று தட்டினால் கைக்கு எதுவும் வராது. ‘கள்’ளை வெட்டிவிட்டுத் தேடுங்கள், ‘விஷமம்’ என்ற பதிவையும் சேர்த்துப் படியுங்கள். ஷகரச் சொல் அகப்படாவிட்டால் டகரம் போட்டுப் பார்க்கலாம். விஷம் ‘விடம்’ ஆனது போல. வினைச்சொல் என்றால் ‘தல்’, ‘த்தல்’ ஈற்றோடு இருக்கும்.

லெக்சிகன் ஜெயிப்பது சொற்பிறப்பில். விஷமியை விஷத்தோடு முடிச்சுப் போடுகிறவர்கள் ஏராளம். வேர் வேறு: வடமொழி ‘விஷம’, அதாவது சமமில்லாதது, மேடுபள்ளமானது. துரோகம் துரோகி, விரோதம் விரோதி, அந்த வரிசையில் விஷமம் விஷமி. விஷத்திலிருந்து பிறந்திருந்தால் நடுவில் அந்த ‘ம’ ஏது? விஷப்பாம்பு, விஷவாயு என்றுதானே சொல்கிறோம். ‘விஷமப் பிரசாரம்’ குறும்புத்தனமான கெட்ட நோக்கத்தைச் சொல்கிறது. ‘விஷப் பிரசாரம்’ நஞ்சு என்கிறது. மேடையில் இரண்டும் புழங்குகின்றன, பொருள் ஒன்றல்ல.

இன்றைய புழக்கத்துக்கு லெக்சிகன் போதாது. வீட்டில் குழந்தையை ‘சரியான விஷமம்’ என்றால் கொஞ்சல். நாளிதழில் ‘விஷமிகள்’ என்றால் ஆள் யாரென்று தெரியாது, சேதம் தெரியும்: வைக்கோல் போருக்குத் தீ, சிலைக்கு அவமதிப்பு, வெடிகுண்டுப் புரளி. கொலைகாரனை விஷமி என்று எழுதினால் குற்றம் சிறுத்துவிடும். அங்கே ‘கயவன்’ கூடக் கொஞ்சம் மேடைத்தமிழ்தான். ‘சமூக விரோதி’யில் காவல்துறை வாடை.

இந்த ஏற்ற இறக்கம் 1930களில் முடிந்த நூலில் எப்படிக் கிடைக்கும்? அதற்கு க்ரியா பதிப்பகத்தின் தற்காலத் தமிழ் அகராதி (முதல் பதிப்பு 1992, மூன்றாவது 2020) வேண்டும். தற்கால எழுத்திலிருந்து சொல் எடுத்து, எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு தருகிறது. பேச்சு வழக்கு, இலங்கை வழக்கு என்று குறியும் போடுகிறது. ஆனால் சொல்லின் பூர்வீகம் தேடி அதைப் புரட்டாதீர்கள்.

லெக்சிகனில் ஆங்கிலப் பொருள் முதலில், தமிழ்ப் பொருள் பின்னால். தமிழ்ப் பகுதி பல இடங்களில் ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடும். ஆங்கிலத்தைத் தாண்டிக் குதிக்காமல் இரண்டையும் படியுங்கள்.