துபாயிலா, நாகர்கோவிலிலா? பேறுகாலத்துக்கு எது தோது

துபாயில் இருக்கும் நம்மூர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில், மனைவி மாசமான சேதி தெரிந்ததும் ஆரம்பிக்கும் பேச்சு இது: பிரசவத்தை இங்கேயே பார்த்துக்கொள்வதா, ஊருக்கு அனுப்புவதா? எங்கள் மூத்தவள் நாகர்கோவிலில் பிறந்தாள், இளையவன் துபாயில். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் ஒழுங்காக இருந்தால் பிரசவம் துபாயில், ஞானஸ்நானம் ஊரில். இரண்டுக்கும் ஒரே இடம்தான் என்று நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம்.

காகித வேலையிலிருந்து தொடங்கலாம். துபாய் என்றால் கல்யாணச் சான்றிதழை முதலில் கேட்பார்கள். கோயிலில் (சர்ச்சில்) ஐயர், அதாவது போதகர், கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை அப்படியே நீட்டினால் போதாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு மாநில அரசு, டெல்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியில் அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று வரிசையாக முத்திரை வாங்க வேண்டும். மனைவிக்கு விசா எடுத்தபோதே இதை முடித்திருந்தால் பாதி வேலை தீர்ந்தது.

பிள்ளை பிறந்த பிறகு துபாயில் வேலை ஓரளவு நேர்கோட்டில் போகிறது. அரபியிலும் ஆங்கிலத்திலும் பிறப்புச் சான்றிதழ், இந்தியத் துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவு, பாஸ்போர்ட், அப்புறம் விசா. பிறந்த 120 நாளுக்குள் விசா எடுத்துவிட வேண்டும், தவறினால் நாள் கணக்கில் அபராதம். இங்கே பிறந்தாலும் அமீரகக் குடியுரிமை கிடையாது, பிள்ளை இந்தியப் பிரஜைதான். ஆனால் ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிந்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வரை இழுக்கும்.

ஊரில் பிறந்தால் குடியுரிமைக் கவலை இல்லை, பிரச்சினை வேறு இடத்தில். பெயரோடு பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், அந்தச் சான்றிதழுக்கும் மேலே சொன்ன அதே முத்திரை ஊர்வலம், பிறகு பிள்ளைக்கு நுழைவு அனுமதி. இதற்கிடையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அமீரகத்துக்கு வெளியே 180 நாளுக்கு மேல் தங்கினால் சாதாரணக் குடியிருப்பு விசா காலாவதியாகிவிடும். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 36 வாரத்துக்கு மேல் கர்ப்பிணியை ஏற்றுவதில்லை. அதற்கு முன்பே டாக்டர் கடிதம் கேட்பார்கள். 32 வாரத்தில் கிளம்பினால் பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் போய்விடும், மீதி பதினேழு வாரச் சொச்சம்தான். அதற்குள் முடியும், ஆனால் நிம்மதியாக முடியாது. இரண்டு ஊரிலும் பொதுவான ஒரு கூத்து, பாஸ்போர்ட் போட்டோ. வெள்ளைத் துண்டில் படுக்கவைத்து, கண் திறந்து வாய் மூடியிருக்கும் ஒரு நொடிக்காகப் பெரியவர்கள் எல்லோரும் கிலுகிலுப்பையோடு குனிந்து நிற்க வேண்டும். எங்கள் இளையவன் கண் திறக்கும்போதெல்லாம் கொட்டாவி விட்டான்.

செலவுக்கு வருவோம். துபாயில் எல்லோருக்கும் இன்சூரன்ஸ் கட்டாயம், பாலிசிகளோ ஒன்றுபோல் இல்லை. மலிவான பாலிசியில் மகப்பேறுக்கு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டியது நம் கையிலிருந்து. சிசேரியன் ஆனால் தாண்டிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில பாலிசிகளில் காத்திருப்புக் காலமும் இருக்கிறது, ஆகவே மாசமாவதற்கு முன்பே பாலிசியைப் படிப்பது நல்லது. பிள்ளைக்கு முதல் 30 நாள் தாயின் பாலிசியிலேயே பாதுகாப்பு உண்டு. பாலிசி கைவிடும் என்று தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், ஊருக்குப் போய்விடுங்கள்.

ஊர் நிச்சயமாக ஜெயிக்கும் இடம் ஆள் துணை. அம்மா, சித்தி, குளிப்பாட்டத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பாட்டி. பேறுகால லேகியம் கிண்ணத்தில் வந்துவிடும், பால் ஊறச் சுறாப்புட்டு இலையில் வந்துவிடும். துபாயிலும் கராமாவில் சுறா கிடைக்கும். பிரச்சினை மீனில் இல்லை, அதை வேகவைத்துத் தோலுரித்து, உதிர்த்துப் பிழிந்து, பூண்டோடு வதக்கும் கை எங்கே என்பதில்தான். மாமியாரையோ அம்மாவையோ விசிட் விசாவில் கூப்பிட்டால் 30 அல்லது 60 நாள் இருப்பார்கள். வேலைக்குப் போகும் பெண் என்றால் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பும் 60 நாள்தான். 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் அரைச் சம்பளம். அம்மாவும் ஊருக்கு ஏறுவார், இவளும் ஆபீஸுக்குக் கிளம்ப வேண்டும். அந்த வாரம்தான் கண்ணீர் வாரம்.

ஆனால் ஊரில் பேறுகாலம் என்றால் தகப்பன் பெரும்பாலும் வெளியாள். ஆண்டு விடுப்பைச் சேர்த்து வைத்து, குறித்த தேதிக்கு டிக்கெட் போடுவோம். பிள்ளை காலண்டர் பார்த்துப் பிறப்பதில்லை. மூத்தவளை நான் முதலில் பார்த்தது போன் திரையில். துபாயில் என்றால் சட்டப்படி தகப்பனுக்கு ஐந்து வேலைநாள் விடுப்பு உண்டு. சொற்பம்தான், இருந்தாலும் இரவில் பிள்ளையைத் தோளில் போட்டு நடக்க ஆள் இருக்கிறது.

அடுத்து, ஊரில் பெரியவர்கள் மெல்லக் கேட்கும் கேள்வி: "முஸ்லிம் நாட்டுல வச்சு எப்படிப் பிள்ளை பெறுறது?" பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் பிரசவ வார்டில் கட்டிலோரம் பைபிள் இருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்போனால் அல் ஐன் நகரின் முதல் ஆஸ்பத்திரியே மிஷன் ஆஸ்பத்திரி. 1960இல் பாட் கென்னடி, மரியன் கென்னடி என்ற அமெரிக்க மிஷனரி டாக்டர் தம்பதி, பின்னாளில் அமீரகத்தின் முதல் அதிபரான ஷேக் சாயித் குடும்பத்தின் அழைப்பில் வந்து தொடங்கியது. ஆளும் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே பிறந்திருக்கிறார்கள். ஒயாசிஸ் ஆஸ்பத்திரி என்று இருந்தது இப்போது கனத் ஆஸ்பத்திரி. நம்ம குமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்த தலைமுறைக்கு இந்தக் கதை ஒன்றும் புதிதல்ல.

ஆராதனைக்கு எல்லை உண்டு. எல்லாம் கோயில் வளாகத்துக்குள்தான், ஊர்போல ஒலிபெருக்கி வைத்து வீட்டு ஜெபம் நடத்த முடியாது. துபாயில் ஊத் மேத்தாவில் கத்தோலிக்கரின் புனித மரியாள் ஆலயமும், பல சபைகள் முறைவைத்துக் கூடும் ஹோலி டிரினிட்டியும் இருக்கின்றன. 2022 ஜனவரியில் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகு ஞாயிறு ஆராதனைக்குப் போவது எளிதாகிவிட்டது.

அப்படியானால் ஞானஸ்நானத்தை ஏன் ஊருக்குத் தள்ளச் சொல்கிறேன்? ஆசைக்காக மட்டுமில்லை. கத்தோலிக்கருக்கு, பிள்ளை நாளைக்குக் கல்யாணம் என்று நிற்கும்போது, ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயிலிலிருந்து புதிதாக எடுத்த சான்றிதழ் கேட்பார்கள். திருமணக் குறிப்பும் அந்தப் பதிவேட்டில்தான் ஏறும். வேலை போய் நாம் துபாயை விட்டு வந்தபிறகு அந்தப் பதிவேட்டுக்காக மெயில் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காரர்களுக்கும், சொந்தச் சேகரத்தில், அதாவது சொந்தச் சபையின் பதிவேட்டில், பெயர் ஏறிவிட்டால் திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்), கல்யாணம் என்று பின்னால் வருவதெல்லாம் இலகு. பெந்தெகொஸ்தே வீடுகளில் குழந்தை ஞானஸ்நானம் இல்லை, ஜெபித்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் பிள்ளைப் பிரதிஷ்டைதான் என்பதால் இந்தச் சிக்கலே கிடையாது, இங்கேயே செய்யலாம். ஞானப் பெற்றோரும் தாத்தா பாட்டியும் ஊரில்தானே இருக்கிறார்கள், முதல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வைத்துக்கொண்டால் எல்லோரும் கூடுவார்கள். உடம்பு முடியாத பிள்ளை என்றால் காத்திருக்க வேண்டாம், எங்கேயும் கொடுக்கலாம்.

என் முடிவை மாற்ற மூன்று காரணங்கள் உண்டு: இரட்டைப் பிள்ளை, முந்தைய பிரசவத்தில் சிக்கல், அல்லது இங்கே துணைக்கு வர ஒருவரும் இல்லாத தலைப்பிரசவம். இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஊருக்கு நேரத்தோடு கிளம்புங்கள். கடைசி வாரங்கள் வரை வைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

எங்கே பிறந்தாலும் பிள்ளையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். நம் பழக்கம் ஒற்றைப் பெயரும் இனிஷியலும். 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை அமீரகம் தடுக்கிறது. கூப்பிட்ட பாட்டியையே ஏர்போர்ட்டில் நிறுத்திய கதைகள் உண்டு, ஆகவே அவர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட் போடும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.