மெத்தென்று ஓட வாயுவைக் கூட்ட வேண்டும்: பழைய பிஎக்ஸ் காருக்குச் செய்த சஸ்பென்ஷன் பணி

டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் வண்டி மெத்தென்று ஓடும் என்று பழகியவர்களுக்கு, எண்ணெயும் வாயுவும் கொண்டு இயங்கும் ஹைட்ரோநியூமேடிக் சஸ்பென்ஷன் முதலில் கற்றுத்தரும் பாடம் அதற்கு நேர் எதிரானது. இதில் நைட்ரஜன் குறையக் குறையக் கார் கட்டைவண்டியாகும். இது புரியாமல் இரண்டு ஆண்டுகளாக டயர்களை மாற்றிக்கொண்டிருந்த நான், பிரான்ஸின் ரென் நகருக்கு வெளியே பழைய சிட்ரோயன் கார்களை மட்டுமே பழுதுபார்க்கும் ஒரு சிறிய பட்டறையில் என் 1991ஆம் ஆண்டு சிட்ரோயன் பிஎக்ஸ் காரை விட்டு எடுத்த பிறகு இதை எழுதுகிறேன். (பிஎக்ஸ் கார்கள் உருவான தொழிற்சாலையும் ரென்னில்தான் இருக்கிறது என்பதால், அங்கே அனுபவமுள்ள பழைய கைகள் இன்னும் கிடைக்கின்றன என்று எனக்கு ஒரு நம்பிக்கை.)

கார் உடைந்துபோன நிலையில் இல்லை. எஞ்சினை முடுக்கினால் வழக்கம்போல மெல்ல எழுந்து நின்றது, ஓட்டுவதற்கும் தடையில்லை. ஆனால் வேகத்தடையில் ஏறும்போது முன்பக்கம் இடித்தது, கல் பதித்த தெருக்களில் ஒவ்வொரு கல்லும் ஸ்டீயரிங்கில் தெரிந்தது. நிறுத்திய காரின் முன் மூலையைக் கையால் அழுத்தியபோது, சுவரைத் தள்ளுவதுபோல அது அசையவே இல்லை. அதோடு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் சில விநாடிகளுக்கு ஒருமுறை பானெட்டுக்கு அடியில் ‘டிக்’ என்று ஓர் ஓசை எழுந்துகொண்டே இருந்தது. பட்டறைக்காரர் பானெட்டைத் திறக்கும் முன்பே அந்த ஓசையை எண்ணிப் பார்த்துவிட்டு, சஸ்பென்ஷனின் ஐந்து வாயுக் கோளங்களும் காலியாகிக்கொண்டிருக்கின்றன என்றார்.

இந்தக் காரில் சுருள்வில்லோ, நாம் அறிந்த ஷாக் அப்சார்பரோ கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரும்பால் ஆன ஓர் உருண்டைக் கோளம் இருக்கிறது. அதனுள்ளே ரப்பர் சவ்வின் ஒரு பக்கம் நைட்ரஜனும் மறுபக்கம் எல்எச்எம் எனப்படும் பச்சை நிறத் தாது எண்ணெயும் இருக்கின்றன. சக்கரம் மேலே ஏறும்போது எண்ணெய் கோளத்துக்குள் தள்ளப்பட்டு வாயு சுருங்குகிறது. வாயுதான் வில், கோளத்தின் கழுத்திலுள்ள சிறு துளையும் மெல்லிய தகடுகளும்தான் ஷாக் அப்சார்பர். சிட்ரோயன் பொறியாளர் போல் மாஜெஸ் உருவாக்கிய இந்த ஏற்பாடு 1954இல் டிராக்சியோன் அவாந்த் காரின் பின்சக்கரங்களிலும், 1955இல் டிஎஸ் காரின் நான்கு சக்கரங்களிலும் வந்தது. ஐந்தாவது கோளம் அழுத்தத்தைச் சேமித்து வைப்பது. பம்ப் எண்ணெயை ஏறத்தாழ 170 பார் (அழுத்த அலகு) வரை ஏற்றி ஓய்ந்து, அது 145 அளவுக்கு இறங்கியதும் மீண்டும் ஏற்றுகிறது. சேமிப்புக் கோளத்தில் வாயு இல்லாவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் விநாடிகளுக்குள் முடிந்துவிடும். நான் கேட்ட ‘டிக்’ அதுதான். பிரேக்கும் இதே அழுத்தத்தில் இயங்குவதால், அந்த ஓசையை அலட்சியம் செய்தது என் பிழை.

பணியைப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதித்ததே இந்தப் பட்டறைக்கு நான் தரும் முதல் பாராட்டு. காரின் உயரத்தை மாற்றும் நெம்புகோலைக் கீழ்நிலைக்குத் தள்ளி, அழுத்தச் சீராக்கியிலுள்ள திருகைத் தளர்த்தி, எண்ணெய் முழுவதும் தொட்டிக்குத் திரும்பும் சீற்றம் அடங்கிய பிறகே கோளங்களில் கைவைத்தார்கள். துரு ஏறிய பின்கோளம் ஒன்று பட்டைச் சாவிக்கு அசையாமல் அரைமணி நேரம் எடுத்தது. கழற்றிய ஒவ்வொன்றையும் நைட்ரஜன் கருவியில் பொருத்தி, உள்ளிருந்த அழுத்தத்தை எனக்குக் காட்டினார்கள். முன்கோளங்களில் 55 பார், பின்கோளங்களில் 40 பார், சேமிப்புக் கோளத்தில் 62 பார் இருந்திருக்க வேண்டும். முன்கோளங்கள் இரண்டும் 30ஐ ஒட்டி நின்றன. சேமிப்புக் கோளத்தின் சவ்வே கிழிந்திருந்ததால் அதை மட்டும் புதிதாக மாற்றினார்கள். மற்றவை, மேலே திருகு மூடி உள்ள பழைய வகை என்பதால், மீண்டும் நிரப்பப்பட்டன. ரப்பர் வழியாக நைட்ரஜன் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிவது இயல்பு. அதைக் குறையென்று சொல்வதற்கில்லை.

30க்கும் 55க்கும் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 400 கன சென்டிமீட்டர் கோளம் ஒன்று, காரின் எடையைத் தாங்க 100 பார் அழுத்தத்தில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 55 பாருக்கு நிரப்பியிருந்தால் அந்த எடையின் கீழ் வாயு 220 கன சென்டிமீட்டராகச் சுருங்கும். 30 பார்தான் என்றால் 120. எடை மாறவில்லை, குறைந்த வாயுவின் இடத்தை உயரச் சீராக்கி எண்ணெயால் ஈடுகட்டிவிடுகிறது, ஆகவே கார் அதே உயரத்தில்தான் நிற்கும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சுருங்குவதற்கு மிஞ்சியிருக்கும் வாயு பாதிக்குச் சற்றே கூடுதல் என்பதால், வில்லின் கடினம் ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது. உயரத்தை நெம்புகோலால் கூட்டினால் மென்மை வரும் என்று சிலர் செய்வதும் வீண்தான்: மேல்நிலையில் சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல் கார் இன்னும் முரடாகும். அந்த நிலைகள் பள்ளத்தைக் கடக்கவும் சக்கரம் மாற்றவும் மட்டுமே.

கோளங்கள் திரும்பிய பிறகு, எல்எச்எம் எண்ணெயையும் மாற்றி, தொட்டியின் வடிகட்டிகளைக் கழுவிப் பொருத்தினார்கள். அன்று மாலை வீடு திரும்பிய முப்பது கிலோமீட்டரில், இது என் கார்தானா என்று இரண்டு முறை தோன்றியது. முன்பு பல்லைக் கடித்துக் கடந்த அதே வேகத்தடையில் கார் ஒரு பெருமூச்சு விட்டாற்போல ஏறி இறங்கியது.

ஆசை அதோடு நிற்கவில்லை. இன்னும் மென்மையாக்க வழியுண்டா என்று கேட்டபோது, கோளத்தின் கழுத்துத் துளையைத் துரப்பணத்தால் பெரிதாக்கப் பட்டறைக்காரர் மறுத்துவிட்டு, துளை அகலமான ஒரு ஜோடி முன்கோளங்களை ஒரு வாரத்துக்கு மாட்டிப் பார்க்கக் கொடுத்தார். நகருக்குள் அருமையாக இருந்தது. நெடுஞ்சாலையின் நீண்ட அலைமேடுகளில் மூக்கு எழுந்தும் தாழ்ந்தும் படகுபோல மிதந்தது. பின்னிருக்கையில் இருந்த என் மகள் அரைமணி நேரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். துளை பெரிதானால் சிறு அதிர்வு மறையும், ஆனால் அசைவை அடக்கும் பிடியும் தளரும். அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கு அவர் பணம் எதுவும் வாங்கவில்லை.

குறையும் உண்டு. காலையில் விட்டால் மாலையில் எடுக்கலாம் என்று சொன்ன வேலை இரண்டு நாள் இழுத்தது. அதைவிட முக்கியமாக, முன்பக்க உயரத்தைச் சரியாக அளக்காமல் கொடுத்துவிட்டார்கள். பெரிய மேடு ஒன்றில் இறங்கும்போது சக்கரங்கள் அடிவரை தொங்கித் தட்டும் ஓசை கேட்டு, நானே அளந்து பார்த்ததில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் தூக்கி நின்றது. உயரச் சீராக்கிக்குச் செல்லும் தண்டு, திருப்பங்களில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி ரோல் பாரில் ஒரு பிடிப்பானால் இறுக்கப்பட்டிருக்கிறது. எஞ்சின் ஓட, நெம்புகோல் சாதாரண நிலையில் இருக்க, காரைக் கையால் தூக்கிவிட்டும் அழுத்திவிட்டும் அது தானாக அடங்கிய பிறகு அளந்து, அந்தப் பிடிப்பானைத் திருப்ப வேண்டும். இரண்டாம் முறை போனபோது முணுமுணுக்காமல் செய்து கொடுத்தார்கள் என்றாலும், இந்தப் பணியை விளம்பரப்படுத்தும் இடத்தில் அது முதல் நாளே நடந்திருக்க வேண்டும்.

நான்கு கோளங்களுக்கு வாயு நிரப்ப ஒன்றுக்கு 20 யூரோ, புதிய சேமிப்புக் கோளம், எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 260 யூரோ ஆனது. கூலி எத்தனை மணி நேரத்துக்கு என்று பற்றுச்சீட்டில் பிரித்து எழுதவில்லை. கேட்ட பிறகுதான் சொன்னார்கள். பின்பக்கத்தில் மட்டும் இன்னும் ஒரு சிறு முரடு இருக்கிறது. பின்சக்கரங்களைத் தாங்கும் கைகளின் பேரிங் தேய்ந்து, கை தடையில்லாமல் அசையாததால் வருவது அது என்றும், கோளத்தில் எவ்வளவு வாயு நிரப்பினாலும் அது தீராது என்றும் பட்டறைக்காரர் காட்டி விளக்கினார். சக்கரங்களின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருப்பதைப் பின்னால் நின்று பார்த்தபோது எனக்கும் தெரிந்தது. அந்த வேலைக்குச் செப்டம்பரில் நாள் வாங்கியிருக்கிறேன், இந்த முறை கூலியை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு.