சீன எழுத்துப் பழக கட்ட நோட்டா, செயலியா?

சீன மொழி படிக்க ஆரம்பித்ததும் நான் முதலில் வாங்கியது கட்டம் போட்ட நோட்டு. ஏழு மாதம் கழித்து, திரையில் விரலால் எழுதிப் பழகும் மொபைல் செயலிக்கு மாறினேன். கோட்டு வரிசை, அதாவது ஒரு எழுத்தின் கோடுகளை எதற்குப் பின் எது என்று போடும் முறை, பிசகாமல் பழக வேண்டுமென்றால் என் ஓட்டு செயலிக்குத்தான்.

விலையைப் பார்த்தால் நோட்டு மலிவு, செயலிக்குச் சந்தா. நோட்டுக்குச் சார்ஜ் வேண்டாம். மொபைலை எடுத்தாலோ கை தானாக வாட்ஸ்அப் பக்கம் போகும். இதை மட்டும் வைத்து முடிவு செய்தால் நோட்டுதான் ஜெயிக்கும்.

ஆனால் எந்தக் கோட்டை முதலில் போட்டோம் என்பது எழுதி முடித்த எழுத்தில் தெரியாது. வரிசை தப்பினாலும் எழுத்து சமர்த்தாக நிற்கும், நோட்டும் பேசாமல் வாங்கிக்கொள்ளும்.

'தியன்' என்றால் வயல். ஒரு சதுரம், அதற்குள் ஒரு கூட்டல் குறி, அவ்வளவுதான். நான் சதுரத்தை நான்கு கோடாகப் போட்டு மூடிவிட்டு, உள்ளே இரண்டு கோடு போட்டேன். மொத்தம் ஆறு. உண்மையில் ஐந்துதான். முதலில் இடப்பக்கக் கோடு. அடுத்து மேல்கோடும் வலப்பக்கக் கோடும், பேனாவை எடுக்காமல் ஒரே மடக்கில். பிறகு உள்ளே ஒரு படுக்கைக் கோடு, ஒரு நெடுங்கோடு. அடிக்கோடு கடைசியில்தான். ஆள் உள்ளே போன பிறகு கதவைச் சாத்துகிற மாதிரி. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பயிற்சி நோட்டின் கட்டத்துக்குச் சீனாவில் பெயரே 'தியன் எழுத்துக் கட்டம்'. பக்கம் முழுக்கத் தியன் அச்சடித்த நோட்டில் தியனைத் தப்பாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்!

அது ஒரு எழுத்தோடு நிற்கவில்லை. நாடு என்னும் 'குவோ', திரும்புதல் என்னும் 'ஹுய்' எனப் பெட்டி வரும் எழுத்திலெல்லாம் கதவை முதலில் சாத்தினேன். கோடுகளை எண்ணி அகராதியில் தேடினால் எழுத்து அகப்படவில்லை. வேகமாக எழுதும்போது இன்னும் மோசம். ஒரு கோடு முடிகிற இடத்திலிருந்து அடுத்தது தொடங்கும் இடத்துக்குப் பேனா இழுபடும். சீனர்களின் கூட்டெழுத்தே அந்த இழுப்பில்தான் இருக்கிறது. வரிசை மாறினால் இழுப்பு வேறு பக்கம் விழும், படிப்பவர் திணறுவார். என் கையெழுத்தை ஒரு சீன நண்பர் தலைகீழாகத் திருப்பிப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது.

செயலியில் இது முதல் நாளே மாட்டியிருக்கும். தப்பான கோட்டை அது ஏற்காது; இரண்டு மூன்று முறை தடுமாறினால் சரியான கோட்டைக் காட்டும். அரிசியில் விரலைப் பிடித்து 'அ' போட வைத்த தாத்தா மாதிரி. பழைய பழக்கத்தை அழிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. புதிதாகக் கற்பதைவிட அதுதான் கஷ்டம்.

செயலியிலும் பார்க்க வேண்டியவை உண்டு. பின்னால் மங்கலாகத் தெரியும் எழுத்தின் நிழலை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மேலே மேலே வரைந்துகொண்டிருப்பீர்கள், நினைவில் ஒன்றும் நிற்காது. அப்புறம், அது சீன மொழிக்கான செயலிதானா என்று பாருங்கள். சீனாவில் 1997இல் 7,000 எழுத்துகளுக்குக் கோட்டு வரிசையைத் தரப்படுத்தினார்கள். ஜப்பானியரும் சீன எழுத்துகளை எழுதுவார்கள், ஆனால் அவர்கள் வரிசை சில எழுத்துகளில் வேறு. அரசன் என்னும் 'வாங்' எழுத்தில் சீனர்கள் இரண்டு படுக்கைக் கோடு போட்டுவிட்டு நெடுங்கோட்டை இறக்குவார்கள். ஜப்பானியர் ஒன்று போட்டதுமே இறக்கிவிடுவார்கள்.

அழகு விஷயத்தில் செயலி ஏமாற்றும். நாம் கோணலாக இழுத்ததை அழித்துவிட்டு அச்சு மாதிரி ஒரு கோட்டை வைத்துவிடும். அதனால் தினமும் கடைசிப் பத்து நிமிடம் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறேன். விரலில் வந்த எழுத்து பேனாவில் வராத நாளும் உண்டு.

சீன மொழி கற்கும் வெளிநாட்டவருக்காக 2021இல் வந்த தரநிலை கையால் எழுதக் கேட்பது 1,200 எழுத்துகள், அதில் தொடக்க நிலைக்கு 300. நான் இன்னும் 400ஐத் தாண்டவில்லை. அதற்கு மேல் செயலி எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். தூரிகை பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் என் யோசனை உதவாது. தண்ணீரால் எழுதி, காய்ந்ததும் மறைந்துவிடும் பயிற்சித் துணி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் பிரிக்கவில்லை.